‘நான் இந்து’ என்று பிரெஞ்சில் சொல்வது எப்படி?

உங்கள் கேள்வி இதுதான்: பாரிஸ் புறநகரில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறீர்கள். பி1 என்ற இடைநிலைப் பிரெஞ்சுத் தேர்வும் முடித்துவிட்டீர்கள். கடை, மருத்துவர், பிரெஃபெக்த்யூர் என்ற அரசு அலுவலகம் எல்லாவற்றையும் பிரெஞ்சில் சமாளிக்கிறீர்கள். ஆனால் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் ‘நீ என்ன மதம், சாமி கும்பிடுவாயா, உன்னை இந்தியன் என்பாயா, தமிழன் என்பாயா’ என்று பேச்சு திரும்பினால் வாயடைத்துப் போகிறீர்கள். எந்த இலக்கணத்தைப் படிப்பது, எந்தச் சொற்களைப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் புதுச்சேரிக்காரி. பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழர்களுக்குப் பிரெஞ்சு சொல்லித் தருகிறேன். நன்றாகப் பேசுகிற மாணவர்கள்கூட இந்த இடத்துக்கு வந்ததும் தடுமாறுவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். சொற்கள் தெரியாததால் அவர்கள் தடுமாறுவதில்லை. மதம் சம்பந்தப்பட்ட பெரிய சொற்கள் ஒரு வாரத்தில் மனப்பாடமாகிவிடும். வழுக்கிவிடுவது சின்னச் சொற்கள்: ‘ஏங்’, ‘ஆ’, ‘ஆங்’, ‘தெ’. நீங்கள் எதை நம்புகிறீர்கள், எந்த வீட்டில் பிறந்தீர்கள், ஊர் உங்களை என்னவென்று அழைக்கிறது ஆகிய மூன்றையும் தமிழில் ஒரே வாக்கியத்தில் போட்டுவிடுகிறோம். பிரெஞ்சு அவற்றைப் பிரித்துச் சொல்லச் சொல்கிறது. அந்தப் பிரிவு இந்தச் சின்னச் சொற்களில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சுக்குப் போகாதீர்கள். முடிந்த இடத்திலெல்லாம் தமிழிலிருந்து நேரே போங்கள். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

பிரெஞ்சுச் சொற்களை அவை ஒலிக்கும்படி தமிழில் எழுதுகிறேன். இறுதியில் வரும் ‘ங்’ மூக்கொலிக்கான அடையாளம் மட்டுமே. அதை முழுசாக உச்சரிக்க வேண்டாம். ‘ழெ’ என்று எழுதும் இடத்தில் நம் ழகரம் இல்லை, புதுச்சேரி வழக்கப்படி பிரெஞ்சின் ‘ழி’ (J) எழுத்து ஒலி.

‘நான் இந்து.’ தமிழில் இதில் வினைச்சொல்லும் இல்லை, ‘ஒரு’வும் இல்லை. பிரெஞ்சில் ‘ழெ ஸுயி ஏந்தூ’. இங்கே ‘ஏந்தூ’ பெயரடை மாதிரி நிற்கிறது. உயரமாக இருக்கிறேன், களைப்பாக இருக்கிறேன் என்பது போல, என்னைப் பற்றிய பல விஷயங்களில் இதுவும் ஒன்று என்ற தொனி. ‘ழெ ஸுயி ஏங் ஏந்தூ’ என்று நடுவில் ‘ஏங்’ சேர்த்தால் அது பெயர்ச்சொல்லாகிவிடுகிறது. நான் இந்து என்ற வகையைச் சேர்ந்த ஆள், அதுதான் நான் என்று அறிவிப்பது போலக் கேட்கும். மேசையில் சாதாரணமாகச் சொல்வதற்கு ‘ஏங்’ வேண்டாம்.

மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்லும்போது இது கட்டாய விதியாகவே ஆகிவிடுகிறது. ‘இல் ஏ ம்யூஸுல்மாங்’ சரி. ‘ஸெத்தேங் ம்யூஸுல்மாங்’ என்பதும் சரி. ‘இல் ஏத் ஏங் ம்யூஸுல்மாங்’ பிழை. ‘இல்’ (அவன்), ‘எல்’ (அவள்) வந்தால் ‘ஏங்’ வராது. ‘ஸே’ (இது) வந்தால் ‘ஏங்’ வந்தே தீரும். இலக்கணப் புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். நான் மாணவர்களிடம் இன்னும் கொஞ்சம் சொல்வேன். பக்கத்து மேசைக்காரரைப் பற்றிப் பேசும்போது முதல் வடிவத்தையே எடுங்கள். ‘அவர் முஸ்லிம்’ என்பதற்கும் ‘அது ஒரு முஸ்லிம்’ என்பதற்கும் நடுவே தமிழில் எவ்வளவு தூரம் உண்டோ, பிரெஞ்சில் அவ்வளவு இல்லாவிட்டாலும் கொஞ்சம் உண்டு. முதலாவது அந்த மனிதரைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது அவரை ஒரு கூட்டத்தில் சேர்த்துவிடுகிறது.

எழுதும்போது இதே பிரிவு எழுத்தின் அளவில் தெரியும். இனம், நாடு, ஊர் சார்ந்த பெயர்ச்சொல் என்றால் முதல் எழுத்து பெரிய எழுத்து: ஒரு தாமூல், ஒரு ஃப்ராங்ஸே, ஒரு ஏந்தியேங். மதத்தைப் பின்பற்றுகிறவர் என்றால் சிறிய எழுத்து: ஒரு ஏந்தூ, ஒரு க்ரேத்தியேங், ஒரு ம்யூஸுல்மாங். பெயரடையாக வந்தால் எல்லாமே சிறிய எழுத்துதான். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ‘ழுயிஃப்’ என்ற சொல். யூத மக்கள் என்ற பொருளில் எழுதினால் பெரிய எழுத்து, யூத மதத்தைப் பின்பற்றுகிறவர் என்ற பொருளில் எழுதினால் சிறிய எழுத்து. இது மதமா, இனமா என்று பிரெஞ்சுக்காரர்கள் இருநூறு ஆண்டுகளாக விவாதித்ததன் தடம் அந்த ஒரே எழுத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘நாங்கள் பிரெஞ்சுக் குடிமக்கள், எங்கள் மதம் மட்டும் வேறு’ என்று சொல்ல விரும்பிய யூதர்கள் ‘இஸ்ராயேலீத்’ என்ற சொல்லை விரும்பினார்கள். நெப்போலியன் 1808இல் அமைத்த யூத சமய நிர்வாக அமைப்பின் பெயரில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது பேச்சு வழக்கிலிருந்து தேய்ந்துபோனது. இன்று அதே கருத்தைச் சொல்ல ‘தெ கோங்ஃபெஸியோங்’ என்ற தொடர் இருக்கிறது: ‘ஃப்ராங்ஸே தெ கோங்ஃபெஸியோங் ம்யூஸுல்மான்’, அதாவது முஸ்லிம் மதத்தைச் சேர்ந்த பிரெஞ்சுக் குடிமகன். செய்தித்தாளில் அடிக்கடி வரும், பேச்சில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். படித்தால் புரிந்துகொள்ளுங்கள், பேசும்போது கட்டாயமில்லை.

பேச்சில் உங்களுக்கு உண்மையாகவே உதவுவது ‘ஆங்’ விகுதிச் சொற்கள்: க்ருவாயாங், ப்ராத்திக்காங். இவற்றைக் கண்டு பயப்படவே வேண்டாம், நம் வினையாலணையும் பெயர்தான் இவை. க்ருவாயாங் என்றால் நம்புகிறவர். ப்ராத்திக்காங் என்றால் கடைப்பிடிக்கிறவர், கோயிலுக்கோ பூசைக்கோ முறையாகப் போகிறவர். பிரெஞ்சுக்காரர்கள் மதத்தைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டையும் எப்போதும் பிரித்தே பேசுவார்கள். நம்பிக்கை உண்டு, ஆனால் மாதாகோயிலுக்குப் போவதில்லை என்றால் ‘க்ருவாயாங் நோங் ப்ராத்திக்காங்’. நம் ஊரில் நம்பிக்கையே இல்லாமல் அம்மாவுக்காகக் கோயிலுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அதையும் சொல்லலாம்: ‘ப்ராத்திக்காங் மே பா க்ருவாயாங்’. கேட்கிறவர் சிரிப்பார், உடனே புரிந்தும்கொள்வார். மேசையில் கேள்வி பெரும்பாலும் ‘நீ என்ன மதம்’ என்று வராது. ‘த்யு ஏ க்ருவாயாங்?’ என்று வரும். நம்புகிறவனா என்பதுதான் கேள்வி. அதற்கு ‘ஆம், இந்து’ என்பது பாதிப் பதில்தான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த விகுதி புதிதல்ல. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த பிரெஞ்சு ஆணை, இந்தியர்கள் தங்கள் ‘ஸ்தாத்யூ பெர்ஸொனெல்’, அதாவது மதமும் சாதியும் சார்ந்த தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வர வழி செய்தது. அப்படி வந்தவர்களை ‘ரெனோங்ஸாங்’ என்றார்கள், துறந்தவர்கள். அவர்கள் புதிய குடும்பப் பெயரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லா போர்த்’ என்ற பெயரை எடுத்தார். அவர்கள் துறந்தது சட்டத்தைத்தான், கடவுளை அல்ல. மதம் வேறு, சட்டத்தின் முன் நீ யார் என்பது வேறு என்ற பிரெஞ்சு எண்ணம் நம் தெருக்களிலேயே ஒரு முறை குடும்பப் பெயர்களை மாற்றியிருக்கிறது. இலக்கணமும் ஒன்று கிடைக்கிறது: ‘ரெனோங்ஸே’ வினைக்குப் பின் ‘ஆ’ வரும். மதம் மாறுவதற்கான ‘ஸெ கோங்வெர்த்தீர்’ வினைக்கும் ‘ஆ’தான். ‘இல் ஸே கோங்வெர்த்தீ ஓ பூதீஸ்ம்’, அவர் பௌத்தத்துக்கு மாறினார் (‘ஆ’வும் ‘லெ’யும் சேர்ந்தால் ‘ஓ’). தமிழில் மாறும்போது ‘-க்கு’ போடுகிறோம் அல்லவா, அந்த இடத்தில் ‘ஆ’.

இனி வினைகள். அதிகம் தப்பு நடக்கும் இடம் ‘க்ருவார்’, நம்புதல். இதற்கு மூன்று வழி. ‘ழெ க்ருவா ஆங் தியூ’, கடவுளிடம் நம்பிக்கை வைத்திருக்கிறேன், அவரைச் சார்ந்திருக்கிறேன். ‘ழெ க்ருவா ஓ கர்மா’, கர்மம் என்று ஒன்று உண்டு என்று நம்புகிறேன். பேய், அதிர்ஷ்டம், மறுபிறவி எல்லாம் இந்த ‘ஆ’ வகை. முன்னிடைச்சொல் இல்லாமல் ‘ழெ தெ க்ருவா’ என்றால், நீ சொல்வதை நம்புகிறேன். தமிழில் மூன்றுக்கும் ‘நம்பு’ போதும். ‘உன்னை நம்புகிறேன்’ என்பது சொன்னது உண்மை என்பதாகவும் இருக்கலாம், நீ கைவிடமாட்டாய் என்பதாகவும் இருக்கலாம். பிரெஞ்சில் இரண்டாவதற்கு ‘ழெ க்ருவா ஆங் துவா’ என்று சொல்ல வேண்டும். இந்த இடத்தில் தமிழ் உதவாது, மூன்றையும் எழுதி வைத்துத்தான் பழக வேண்டும்.

ஆனால் ‘ப்ரியே’, வேண்டுதல், வந்தால் தமிழ்தான் காப்பாற்றும். ஆங்கிலத்தில் கடவுளிடம் பிரார்த்திக்க இடையில் ஒரு சொல் வேண்டும். அதே பழக்கத்தில் என் மாணவர்களில் பாதிப் பேர் ‘ப்ரியே ஆ தியூ’ என்கிறார்கள். தப்பு. ‘ழெ ப்ரி தியூ’ என்பதுதான் சரி. ‘கடவுளை வேண்டுகிறேன்’, ‘முருகனைக் கும்பிடுகிறேன்’ என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்கிறோம் இல்லையா? அப்படியே நேரே போங்கள். ‘ழெ ப்ரி முருகன்’. நடுவில் எதுவும் வேண்டாம்.

‘தியூ’ என்ற சொல்லையும் கவனியுங்கள். முன்னால் எதுவும் போடாமல் பெரிய எழுத்தில் எழுதினால் ஒரே கடவுள். கணேசரையோ காளியையோ சொல்லும்போது ‘லெ தியூ கணேஷ்’, ‘லா தேஏஸ் காளி’. சிலையை ‘ஈதோல்’ என்று சொல்லிவிடாதீர்கள். இந்திய ஆங்கிலத்தில் சாமி சிலைக்கு நாம் சாதாரணமாகச் சொல்லும் சொல்லின் பிரெஞ்சு வடிவம் அது. ஆனால் பிரெஞ்சில் அதற்குப் பொய்க் கடவுள் என்ற பொருளும், ரசிகர்கள் கொண்டாடும் பாடகர் என்ற பொருளும்தான். ‘லா ஸ்தாத்யூ’ என்றால் போதும்.

இது போன்ற பொறிகள் இன்னும் சில உண்டு, எல்லாமே ஆங்கிலம் வழியாக வருபவை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு அம்மா என் வகுப்பில் இருந்தார். வெள்ளிக்கிழமை மாலை லிஃப்டில் பக்கத்து வீட்டுப் பெண்மணி எங்கே போகிறீர்கள் என்று கேட்க, ‘ழெ வே ஓ தாம்ப்ல்’, கோயிலுக்குப் போகிறேன் என்றிருக்கிறார். அந்தப் பெண்மணி முகம் மலர்ந்து, ‘ஆ, வூஸெத் ப்ரொத்தெஸ்தாந்த்?’ என்று கேட்டிருக்கிறார். பட்டுச் சேலையில், பூத்தட்டுடன் நிற்கிறவரைப் பார்த்து புரொட்டஸ்டன்ட்டா என்று ஏன் கேட்கிறார் என்று இவருக்கு விளங்கவில்லை. பிரான்சில் கத்தோலிக்கர் போவது ‘எக்லீஸ்’, புரொட்டஸ்டன்ட்டுகள் போவது ‘தாம்ப்ல்’. வெறும் ‘தாம்ப்ல்’ என்றால் வயதானவர்களுக்கு அதுதான் முதலில் தோன்றும். ‘ஓ தாம்ப்ல் ஏந்தூ’ என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

‘க்யுல்த்’ என்றால் வழிபாடு. சட்டத்திலும் அரசு ஆவணங்களிலும் நல்ல சொல். ‘லியூ தெ க்யுல்த்’ வழிபாட்டிடம், புரொட்டஸ்டன்ட்டுகளின் ஞாயிறு ஆராதனைக்கும் பெயர் ‘க்யுல்த்’. ஆபத்தான சொல் ‘ஸெக்த்’. மனிதர்களை மயக்கிப் பிடித்து வைக்கும் கும்பல் என்று பொருள். சைவம், வைணவம் என்ற பிரிவுகளை ‘ஸெக்த்’ என்று விளக்கினால் எதிரே இருப்பவர் திடுக்கிடுவார். ‘கூராங்’, நீரோட்டம் என்ற சொல்லை எடுங்கள்: ‘ஏங் கூராங் தெ லேந்துயீஸ்ம்’, இந்து சமயத்தின் ஒரு பிரிவு. நம் நாட்டு மதக் கலவரத்தைப் பற்றிப் பேசும்போது ‘கொம்யூனால்’ என்று சொல்லாதீர்கள். பிரெஞ்சில் அது நகராட்சி சார்ந்தது என்றுதான் பொருள்படும். ‘வியொலாங்ஸ் ஏந்தெர்கொம்யூனோத்தேர்’ என்பதுதான் வேண்டியது.

‘இஸ்லாமீக்’, ‘இஸ்லாமீஸ்த்’, ‘ம்யூஸுல்மாங்’, ‘ஆராப்’ நான்கும் வெவ்வேறு. ஆளைச் சொல்ல ‘ம்யூஸுல்மாங்’. ‘இஸ்லாமீஸ்த்’ என்பது அரசியல் இயக்கத்தைக் குறிப்பது, தெரியாமல் நண்பரைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டால் நட்புக்கே கேடு. ‘ஆராப்’ மதமல்ல. உங்கள் மேசையில் அல்ஜீரியக் குடும்பத்திலிருந்து வந்த, கபில் என்ற பெர்பர் இனத்தவர் ஒருவர் இருக்க வாய்ப்பு அதிகம். அவர் முஸ்லிமாக இருக்கலாம், அரபி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாமல் இருக்கலாம். நம்மை ‘ஏந்தூ’ என்று நாட்டின் பெயராகச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும், அதே மாதிரி. அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. பழைய தலைமுறையினர் இந்தியாவிலிருந்து வந்த எவரையும் ‘ஏந்தூ’ என்பார்கள், அந்தக் கால பிரெஞ்சு வழக்கு அப்படி. கோபப்படத் தேவையில்லை. வேளாங்கண்ணிப் பக்கத்துக் கத்தோலிக்கர் ஒருவர் இதற்கு வைத்திருக்கும் பதில் எனக்குப் பிடிக்கும்: ‘ஏந்தியேங், வுயி. ஏந்தூ, நோங். ழெ ஸுயி காத்தொலீக்.’ இந்தியன், ஆமாம். இந்து இல்லை. நான் கத்தோலிக்கன். மூன்று சிறிய வாக்கியத்தில் ஒரு பாடமே நடத்திவிட்டார்.

அடுத்து, உங்கள் கதையைச் சொல்லும் காலங்கள். மதத்தைப் பற்றிய நல்ல உரையாடல் எல்லாம் கடைசியில் ‘சின்ன வயதில் நான்’ என்றுதான் ஆகும். ‘சின்ன வயதில் வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போவேன்’ என்று தமிழில் சொல்கிறோம். ‘போவேன்’ எதிர்கால வடிவம், ஆனால் பொருள் பழைய வழக்கம். வடிவத்தைப் பார்த்து பிரெஞ்சிலும் எதிர்காலம் போட்டுவிட்ட மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சில் இதற்கென்றே ‘ஏங்பார்ஃபே’ இருக்கிறது: ‘காங் ழேத்தே பெத்தி, ழாலே ஓ தாம்ப்ல் தூ லே வாங்த்ரெதி.’ பழைய வழக்கத்தைச் சொல்லும் நம் ‘-வேன், -ப்பேன்’ எல்லாம் ஏங்பார்ஃபேயாக வரும் என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ‘பிறகு ஒரு நாள் நிறுத்திவிட்டேன்’ என்று ஒரே முறை நடந்ததைச் சொல்ல வரும்போது ‘பாஸே கொம்போஸே’: ‘ஏங் ழூர், ழே ஆரேத்தே.’ வழக்கம் திரைச்சீலை போலப் பின்னால் தொங்க, நிகழ்ச்சி முன்னால் நடக்கிறது.

மதத்தைச் சொல்லாமலே பின்னணியைச் சொல்ல இதைவிட நல்ல தொடக்கம் இல்லை: ‘ழெ ஸுயி நே தாங்ஸ் யூன் ஃபாமீய் ஏந்தூ’, இந்துக் குடும்பத்தில் பிறந்தேன். இன்று என்ன நம்புகிறீர்கள் என்பதைப் பிறகு உங்கள் விருப்பப்படி சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். ‘தெ க்யுல்த்யூர் ஏந்தூ’ என்றும் சொல்லலாம், அதாவது வளர்ந்த பண்பாடு அது, நம்பிக்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

‘இருந்தாலும்’ என்று வாதத்தைத் திருப்பும் இடத்தில் ‘பியேங் கெ’ வரும், அதன் பின்னே ‘ஸுப்ழோங்க்தீஃப்’ என்ற தனி வினை வடிவம் வரும்: ‘பியேங் கெ ழெ நெ ஸுவா பா ப்ராத்திக்காங், ழெ க்ருவா ஆங் தியூ.’ வாய் பழகும் வரை ‘மேம் ஸி’ என்று தொடங்குங்கள், சாதாரண வடிவம் போதும்: ‘மேம் ஸி ழெ நெ ஸுயி பா ப்ராத்திக்காங்.’ நம்பிக்கையை மறுக்கும்போதும் இந்த ஸுப்ழோங்க்தீஃப் தலை காட்டும். ‘ழெ க்ருவா கெ ஸே வ்ரே’, உண்மை என்று நினைக்கிறேன். ‘ழெ நெ க்ருவா பா கெ ஸெ ஸுவா வ்ரே’, உண்மை என்று நினைக்கவில்லை. ‘ஸே’ இருந்த இடத்தில் ‘ஸெ ஸுவா’.

இந்த வடிவம் ஏதோ நமக்கு அந்நியமானது என்று எல்லாரும் நடுங்குகிறார்கள். பிரெஞ்சுக் கிறித்தவ ஜெபத்தைக் கேளுங்கள்: ‘கெ தோங் நோங் ஸுவா ஸாங்க்திஃபியே, கெ தோங் ரேன்ய் வியென்.’ உமது பெயர் தூயதெனப் போற்றப்பெறுக, உமது ஆட்சி வருக. அந்த ‘பெறுக’, ‘வருக’வில் இருக்கும் ககரம்தான் இங்கே ஸுப்ழோங்க்தீஃப். நம் வியங்கோள். வாழ்த்து, வேண்டுதல், சாபம் மூன்றுக்கும் வியங்கோள் எப்படியோ அப்படியே ‘கெ’யுடன் இதுவும். அந்த ஜெபத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கடவுளை ‘த்யு’ என்று, நீ என்று, அழைக்கிறது. பிரெஞ்சுக் கத்தோலிக்கர்கள் இதே ஜெபத்தில் முன்பு ‘வூ’ என்றுதான் சொன்னார்கள். புரொட்டஸ்டன்ட்டுகளோடு சேர்ந்து சொல்லும் பொது மொழிபெயர்ப்பு 1966இல் வந்த பிறகே ‘த்யு’ ஆனது. தமிழ்க் கிறித்தவர்கள் ‘உமது’ என்று மரியாதையோடு நிற்க, நம் பக்திப் பாடல்கள் ‘நீ’ என்று உரிமையோடு பேசுகின்றன. இதை மேசையில் சொல்லிப் பாருங்கள். மொழியைப் பற்றிய பேச்சாக மாறிவிடும், மதப் பேச்சின் இறுக்கம் தளர்ந்துவிடும்.

அடையாளம் பற்றிய கேள்வி பெரும்பாலும் ‘த்யு வியேங் தூ?’, எங்கிருந்து வருகிறாய் என்று வரும். இன்ன இடத்தில் பிறந்தேன் என்று பதில் சொல்வதானால், இந்தியா பெண்பால், ஆகவே ‘ஆங்’: ‘ஆங் ஏந்த்’. இலங்கை ஆண்பால், ஆகவே ‘ஓ ஸ்ரீலங்கா’. ஊருக்கு ‘ஆ’: ‘ஆ போந்திஷேரி’. ‘தோரிழீன் ஏந்தியென்’ என்றால் பூர்வீகம் இந்தியா என்று பொருள். பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற பிறகும் சொல்லலாம்: ‘ஃப்ராங்ஸே தோரிழீன் ஏந்தியென்.’ அதைவிட நெருக்கமாகச் சொல்ல ‘ஸெ ஸாந்தீர்’, உணர்தல் என்ற வினை இருக்கிறது. ‘ழெ மெ ஸாங் தாமூல்’, என்னைத் தமிழனாக உணர்கிறேன். காகிதம் என்ன சொல்கிறது என்பதும் மனசு என்ன சொல்கிறது என்பதும் வேறு என்று இந்த ஒரு வினை காட்டிவிடும். மற்றவரைப் பற்றிச் சொல்லும்போது ‘ஸெ தீர்’: ‘இல் ஸெ தீ ஆத்தே’, தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொள்கிறார். தீர்ப்பை அவரிடமே விட்டுவிடும் நல்ல வினை. ‘இதாந்தித்தே’ சாதாரணச் சொல், அடையாள அட்டையிலேயே இருக்கிறது. ஆனால் அதன் பெயரடை ‘இதாந்தித்தேர்’ இன்று தீவிர வலதுசாரி அரசியலின் நிறம் ஏறிய சொல். உங்களைப் பற்றிச் சொல்ல அதைத் தொடாதீர்கள்.

தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. பிரெஞ்சு ‘நூ’வில் அந்தப் பிரிவு கிடையாது, பேச்சில் அதற்குப் பதிலாக வரும் ‘ஓங்’கிலும் கிடையாது. அடையாளப் பேச்சில் இது சின்ன விஷயமில்லை. ‘எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டோம்’ என்பதை ‘ஷே நூ, ஓங் நெ மான்ழ் பா தெ பெஃப்’ என்று சொன்னால், அந்த ‘ஷே நூ’ தான் ‘எங்கள்’ என்ற வேலியைப் போடுகிறது. கேட்கிறவரைச் சேர்க்காமல் ‘நாங்கள்’ என்று அழுத்திச் சொல்ல ‘நூஸோத்ர்’ இருக்கிறது. அதை அடிக்கடி சொன்னால் ஒதுங்கி நிற்பது போலக் கேட்கும்.

இரண்டு அடையாளம் ஒன்றாக இருந்தால்? ‘ஆ லா ஃபுவா... ஏ...’ என்ற அமைப்பு. இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரேயூனியோங்கை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர்களை அங்கே ‘மல்பார்’ என்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்று, மாதாகோயிலில் கல்யாணம் செய்து, விரதமிருந்து தீயும் மிதிக்கிற குடும்பங்கள் அங்கே உண்டு. ‘ஆ லா ஃபுவா காத்தொலீக் ஏ ஏந்தூ’ என்பது அங்கே முரண்பாடு அல்ல. இரண்டும் இல்லை என்றால் ‘நி... நி...’: ‘ழெ நெ ஸுயி நி ப்ராத்திக்காங் நி ஆத்தே.’

இந்த ‘நி’யைப் பிரான்சின் மிக முக்கியமான சட்டமே உங்களுக்குக் கற்றுத் தரும். 1905 டிசம்பர் 9ஆம் தேதிச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு: குடியரசு எந்த வழிபாட்டையும் அங்கீகரிப்பதில்லை, அதற்குச் சம்பளம் தருவதில்லை, மானியமும் தருவதில்லை. ‘நெ ரெகொனே, நெ ஸாலாரி நி நெ ஸ்யுப்வாங்ஸியொன் ஓக்யேங் க்யுல்த்.’ மூன்று மறுப்பும் கடைசியில் ‘ஓக்யேங்’கும். இதை வாய்விட்டுப் படியுங்கள், மறுப்பு வாக்கியம் கைவசமாகும். முதல் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது, அதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். இந்த இரண்டும் சேர்ந்ததே ‘லாயிஸித்தே’. அது மத எதிர்ப்பு அல்ல. தினமும் பூசைக்குப் போகிறவரும் ‘ழெ ஸுயி லாயீக்’ என்று சொல்ல முடியும். அரசு யாருடைய மதத்திலும் சேராது, அவ்வளவுதான். பிரான்சின் கிழக்கே அல்ஸாஸிலும் மொஸேலிலும் பாதிரியார்களுக்கு இன்றும் அரசு சம்பளம் தருகிறது, 1905இல் அந்தப் பகுதி ஜெர்மனியிடம் இருந்ததால். 2004 மார்ச் 15 சட்டம் அரசுப் பள்ளிகளில் மாணவர்கள் மதத்தைப் பளிச்சென்று காட்டும் அடையாளங்கள் அணிவதைத் தடுத்தது. மேசையில் இந்தச் சட்டம் பற்றிய பேச்சு கட்டாயம் வரும். 2026 ஜனவரி 1 முதல் குடியுரிமைக்கு பி1க்கு அடுத்த பி2 நிலை கேட்கிறார்கள், குடிமைத் தேர்விலும் லாயிஸித்தே உண்டு. ஆகவே இந்தப் பகுதியை மேசைக்காக மட்டும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நடைமுறையில் ஒன்று. நாம் வளர்ந்த இடத்தில் பள்ளி மாற்றுச் சான்றிதழிலேயே மதத்துக்கு ஒரு கட்டம், சாதிக்கு ஒரு கட்டம். மக்கள்தொகைக் கணக்கிலும் மதம் கேட்பார்கள். பிரான்சில் கணக்கெடுப்பில் மதம் கேட்டது 1872இல் கடைசி. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி மதம் பற்றிய தகவலைப் பதிவு செய்வதே பொதுவாகத் தடை. அதனால் புதிதாக ஒருவரிடம் அறிமுகமாகும்போது பெயர், ஊர், மதம் என்று வரிசையாகச் சொல்லிவிடாதீர்கள். நமக்கு அது விண்ணப்பப் படிவ வரிசை. அவர்களுக்கு முன்பின் தெரியாதவரிடம் சம்பளம் எவ்வளவு என்று சொல்வது போல.

சாதியைப் பற்றியும் கேட்பார்கள், ஆர்வத்தில். ‘இந்தியாவில் சாதி ஒழிக்கப்பட்டுவிட்டதாமே’ என்று யாராவது சொன்னால் திருத்த ஓர் அமைப்பு தருகிறேன்: ‘ஸே லேங்தூஷாபிலித்தே கி ஆ ஏத்தே ஆபொலி, பா லா காஸ்த்.’ ஒழிக்கப்பட்டது தீண்டாமைதான், சாதி அல்ல. ‘ஸே... கி...’ என்பது நம் ‘தான்’. எந்தச் சொல்லில் ‘தான்’ போடுவீர்களோ அதை நடுவில் வையுங்கள். உன் சாதி என்ன என்று நேரே கேட்டால், ‘ழெ ப்ரேஃபேர் நெ பாஸாங் பார்லே’, அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை. குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தை இங்கே எல்லாரும் மதிப்பார்கள்.

பயிற்சிக்கு ஓர் இடம் சொல்கிறேன், பைசா செலவில்லை. பிரான்ஸ் 2 தொலைக்காட்சியில் ஞாயிறு காலை பௌத்தம், இஸ்லாம், யூதம், கிழக்கத்தியக் கிறித்தவம், புரொட்டஸ்டன்ட் என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்கி, பதினொரு மணி வாக்கில் கத்தோலிக்கத் திருப்பலியும் வரும். பேசுகிறவர்கள் நிதானமாக, தெளிவாகப் பேசுவார்கள். தங்கள் நம்பிக்கையை அந்த நம்பிக்கை இல்லாதவருக்கு எப்படி விளக்குகிறார்கள் என்று கவனியுங்கள். உங்களுக்கு வேண்டியது அந்தத் தொனிதான். ஒரு நோட்டில் வினையையும் அதன் பின்னே வரும் சின்னச் சொல்லையும் மட்டும் எழுதுங்கள். வெறும் பெயர்ச்சொற்களை எழுதி நிரப்ப வேண்டாம்.

ஆகஸ்ட் கடைசியில் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெலில் பிள்ளையார் தேர் வரும்போது ஒரு முறை போய் நில்லுங்கள். தெருவில் மலை மலையாகத் தேங்காய் உடைப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் குழந்தைகளோடு ஓரத்தில் நின்று பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்கும் தமிழரிடம் ஏன் என்று கேட்பார்கள். பொங்கலோ சுண்டலோ கையில் கொடுத்தால், பிரசாதத்துக்கு ஒற்றைச் சொல் தேடாதீர்கள்: ‘ஓங் லோஃப்ர் ஓ தியூ, பூயி ஓங் லெ பார்தாழ்’, சாமிக்குப் படைப்போம், பிறகு பகிர்ந்துகொள்வோம். அவர் சாப்பிட்டுக்கொண்டே உங்களைப் பற்றிக் கேட்பார். பதில் சொல்லிவிட்டு, ‘ஸி ஸெ நே பாஸேந்திஸ்க்ரே’, கேட்கலாமென்றால், என்று தொடங்கி நீங்களும் அவரிடம் கேளுங்கள்: ‘ஏ வூ, வூஸெத் க்ருவாயாங்?’